மகள் கொடுக்க வந்த சிறுநீரகம்

மோகனராஜ் என் தங்கை பேச்சியம்மாவின் மூத்த பிள்ளை. ஹந்தானைத் தேயிலைத் தோட்டத்து மேல் லயத்தில், வரிசையின் கடைசி அறையான தொங்கல் காம்பராவில் பிறந்தான். நான் அவனுக்குத் தாய்மாமன். காது குத்தும்போது அவனை மடியில் வைத்திருந்தவன் நான். அவனுக்குக் கோடித் துணி போட்டவனும் நான்தான். இரண்டுக்கும் நடுவில் ஐம்பது வருடம்தான் இருந்தது. அவனுடைய அப்பாவுக்குக் கிடைத்ததை விட ஒரு வருடம் குறைவு.

அவனுடைய அப்பா ராஜலிங்கம் வீங்கிச் செத்தவர். முதலில் கால் வீங்கியது, பிறகு கண்ணைச் சுற்றி வீங்கியது. வயிறு மட்டும் அதற்குப் பல வருடம் முன்பிருந்தே இரண்டு விலாப் பக்கமும் புடைத்துக்கொண்டிருந்தது. கொழுந்து நிறுக்கிற இடத்தில் பெண்கள் அவரைப் பார்த்து, உங்களுக்கு எத்தனை மாதம் என்று கேட்டுச் சிரிப்பார்கள். அவரும் சிரிப்பார். ராஜலிங்கத்தின் அப்பாவும் அப்படித்தான் போனார். அவர் கலஹாப் பக்கம் ஒரு தேயிலை ஆலையில் இயந்திரம் பார்த்தவர். ஆலைச் சக்கரத்துக்குக் காவலான ரோதைமுனிக்கு நேர்ந்துவிட்ட கிடாயை அவர் வெட்டாமல் விட்டுவிட்டார், அந்தக் குற்றம்தான் பிள்ளை குட்டிகளை வீங்க வைக்கிறது என்று சொன்னார்கள். நானும் ஆலையில் தூள் சலிக்கிற வேலை செய்தவன்தான், ரோதைமுனிக்குப் பயந்தவன்தான். அதனால் நம்பினேன். வருடா வருடம் கிடாய் வெட்டினோம். அதைத் தின்றவர்களும் வீங்கினார்கள்.

அப்பா போன அடுத்த வருடம் மோகனராஜுக்கு வேலை கிடைத்தது. மலைக்குக் கீழே, வைத்தியம் படிக்கிற பிள்ளைகள் இறந்தவர்களின் உடம்பை அறுத்துப் பார்த்துப் படிக்கிற மண்டபம் ஒன்று இருந்தது. அங்கே லேபர் வேலை. உடம்புகளை மருந்துத் தொட்டியிலிருந்து தூக்கி மேசையில் வைக்க வேண்டும், சாயங்காலம் திரும்ப மூட வேண்டும், தரை கழுவ வேண்டும், வெட்டி எடுத்த உறுப்புகளைத் தட்டில் அடுக்கி வைக்க வேண்டும். அரசாங்க வேலை, பென்சன் இருக்கிறது. ஆனால் லயத்தில் அவன் கையால் யாரும் தேத்தண்ணி வாங்கிக் குடிக்கவில்லை. பேச்சியம்மாவே முதல் ஆறு மாதம் அவனுக்குத் தனிக் கோப்பை வைத்தாள். வேலை முடிந்து வந்ததும் லயத்துக்குக் கீழே மலைத் தண்ணீர் குழாய் வழி விழுகிற பீலியில் குளித்து, உடுப்பைக் கல்லில் அடித்துத் துவைத்து, ஈரத் துணியோடுதான் படியேறுவான். மழையிலும் பனியிலும் அப்படித்தான். கடுகண்ணாவையில் சின்னப் பலசரக்குக் கடை வைத்திருந்தவரின் மகள் பிரேமிளாவை அவனுக்குக் கட்டிவைத்தோம். அவள் வந்த பிறகு பீலியடிக்கு அவளே இடுப்பில் கட்டக் காய்ந்த சாரம் கொண்டு போய் நிற்பாள்.

ஆறாம் வகுப்போடு நின்றவன் அவன். நான் ஐந்தாம் வகுப்பு. ஆனால் அந்த மண்டபத்தில் வாத்தியார்மார் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கும்போது இவன் துடைப்பத்தோடு ஓரத்தில் நின்று கேட்டுக்கொண்டே இருப்பான். ஞாயிற்றுக்கிழமைகளில் என் வீட்டு வாசலில் குந்திக்கொண்டு எனக்குச் சொல்லுவான். எல்லா உறுப்பிலும் அவனுக்குப் பிடித்தது சிறுநீரகம்தான். உள்ளங்கைக்குள் சரியாக அடங்கும், மாமா, வழவழவென்று மாங்கொட்டை மாதிரி இருக்கும் என்பான். முதுகுப் பக்கம், கடைசி விலா எலும்புக்கு அடியில், கொழுப்பு மெத்தையில் படுத்திருக்கும். வலது பக்கத்தது கொஞ்சம் கீழே இருக்கும், ஏனென்றால் அதற்கு மேலே ஈரல் உட்கார்ந்திருக்கிறது. நடுவில் குழிந்த பக்கத்தில்தான் குழாய் மூன்றும் இருக்கின்றன. ஒன்றில் ரத்தம் உள்ளே போகிறது, ஒன்றில் வெளியே வருகிறது, மூன்றாவது குழாயில் சிறுநீர் சொட்டுச் சொட்டாகப் பைக்கு இறங்குகிறது. பை நிறைந்தால்தான் நமக்குத் தெரியும். மேலே நடப்பது ஒன்றும் நமக்குத் தெரியாது.

எனக்கு விளங்க வேண்டும் என்று ஆலைக் கணக்கில் சொல்லுவான். நீங்க சல்லடையில தூள் சலிச்ச மாதிரிதான் என்பான். ஒவ்வொரு சிறுநீரகத்திலும் பத்து லட்சம் சல்லடை. ஒரு நாளைக்கு நூற்றெண்பது லீற்றர் தண்ணீர் அதில் வடிகிறது, ஆனால் வெளியே வருவது இரண்டு லீற்றருக்குள்தான். மீதியை எல்லாம் அதுவே திரும்ப எடுத்து ரத்தத்துக்குக் கொடுத்துவிடுகிறது. உப்பு எவ்வளவு வேண்டும், தண்ணீர் எவ்வளவு வேண்டும் என்று யாரும் சொல்லாமலே அதற்குத் தெரிகிறது. ரத்த அழுத்தத்தையும் அதுதான் பார்க்கிறது. ரத்தம் ஊறுவதற்கும் அதன் சொல் வேண்டும். நம்முடைய ஆலையில் இப்படி ஒரு சல்லடை இருந்தால் நான் வீட்டிலேயே படுத்திருக்கலாமே என்று நான் சொன்னேன். அவன் சிரித்தான்.

அவனுக்கு ஒரே மகள், கிருஷாந்தி. முப்பதாம் நாள் பேர் வைக்கும்போது அவனுடைய தாய்மாமன் என்ற முறையில் தொட்டிலுக்கு முன்னால் நின்றவன் நான்தான். மோகனராஜின் தங்கை ஜெயராணி கலஹாத் தோட்டத்திலிருந்து தன் மகன் ரமேஸை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்திருந்தாள். அவனுக்கு அப்போது நாலு வயது. அத்தை மகன், மாமன் மகள். எங்கள் வழக்கத்தில் அப்படி முறை இருந்தால் அதைத் தொட்டிலடியில் ஒரு பெரியவர் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். இவள் உன் மகனுக்குத்தான் என்று நான் சொன்னேன். எல்லோரும் குலவை போட்டார்கள். பிள்ளைகள் இரண்டும் அந்தச் சொல்லைக் கேட்டுக்கொண்டே வளர்ந்தன. வளர்ந்த பிறகு ஒன்றையொன்று விரும்பவும் செய்தன. சொல் நன்றாகப் பலித்தது என்று நான் பெருமைப்பட்டேன்.

கிருஷாந்திக்கு இருபத்திரண்டு வயதில் பரிசம் போட நாள் பார்த்தோம். அந்த மாதம்தான் அது நடந்தது.

ஒரு சாயங்காலம் மோகனராஜ் பீலியில் குளிக்காமல், வேலை உடுப்போடு, மருந்து நாற்றத்தோடு நேரே என் வீட்டுக்குள் வந்து கதிரையில் உட்கார்ந்தான். இருபத்துமூன்று வருடத்தில் அவன் அப்படிச் செய்ததே இல்லை. என் பெண்சாதி முகத்தைச் சுளித்தாள்; அவன் அதைக் கவனிக்கவில்லை.

அன்று ஓர் ஆணின் உடம்பில் சிறுநீரகத்தை எடுக்க வேண்டிய நாளாம். ஐம்பது வயது இருக்கலாம், யாரோ எவரோ. வயிற்றைத் திறந்ததும் பிள்ளைகள் எல்லாம் பின்னுக்குப் போய்விட்டார்கள். கைப்பிடி அளவு இருக்க வேண்டியது பலாப் பிஞ்சு அளவுக்கு இருந்தது. மேலெல்லாம் திராட்சைக் குலை மாதிரி நீர்க்கட்டிகள். இரண்டு பக்கமும் அப்படியே. படிப்பிக்கிற டாக்டர் அம்மா பிள்ளைகளைக் கூப்பிட்டு நிறுத்தி, இது நன்றாகப் பார்த்து வைத்துக்கொள்ள வேண்டிய வியாதி என்றாராம். இது பிறக்கும்போதே ரத்த வழியில் வருவது. அப்பா அம்மாவில் ஒருவருக்கு இருந்தால் பிள்ளைகளில் பாதிப் பேருக்கு வரும். மீதிப் பேருக்கு வரவே வராது, அவர்களுடைய பிள்ளைகளுக்கும் வராது. நாற்பது வயது வரைக்கும் தெரியாது. பிறகு பிரஷர் ஏறும், விலா வலிக்கும், சிறுநீரில் ரத்தம் போகும். கட்டிகள் பெருத்துப் பெருத்துச் சல்லடைகளை நசுக்கிவிடும். அப்புறம் தண்ணீர் உடம்பிலேயே தங்கி வீங்கும்.

சொல்லி முடித்துவிட்டு மோகனராஜ் என்னைக் கேட்டான்.

"மாமா, அப்பா வழியில யார் யார் வீங்கிச் செத்தாங்க? ஒருத்தர் விடாம சொல்லுங்க."

எனக்குப் படிப்பில்லை, ஆனால் யார் யாருக்குப் பிறந்தார்கள், யார் யாரைக் கட்டினார்கள், எந்தத் தோட்டத்தில் எந்த மழையில் செத்தார்கள் என்பது மறக்காது. சுவரில் தொங்கிய கலண்டர் தாளைக் கழற்றி அதன் பின்பக்கத்தில் அவன் எழுதினான், நான் சொன்னேன். அவனுடைய தாத்தா. தாத்தாவின் அக்கா, அவள் இந்தியாவுக்குத் திரும்பிப் போகிற கப்பலுக்குப் பேர் எழுதிவிட்டு, ஏறுமுன் செத்தவள். அந்த அக்காவின் மகன் ஒருவன். அப்பா ராஜலிங்கம். அப்பாவின் தங்கை. சித்தப்பா ஒருவர், ரயில் ரோட்டு வேலைக்குப் போனவர். மொத்தம் ஆறு பேர். அவன் தாளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"கட்டிக்கிட்டு வந்தவங்க ஒருத்தரும் இல்ல, மாமா. எல்லாம் பிறந்தவங்க."

ஒரே சோறு தின்று, ஒரே கிடாயைத் தின்று, ஒரே காம்பராவில் படுத்த பெண்சாதி புருஷன்மார் ஒருவர்கூட அந்தத் தாளில் இல்லை. ரோதைமுனி அப்படிப் பார்த்துப் பார்த்துப் பிடிக்கிற தெய்வம் இல்லை. அவன் இன்னொன்றும் சொன்னான். இரண்டு வருடமாக அவனுக்குச் சிறுநீர் சில நாளில் தேத்தண்ணிச் சாயம் மாதிரிப் போகிறதாம். சூடு என்று நினைத்து வெந்தயம் குடித்தானாம்.

அடுத்த வாரம் ஸ்கேன் எடுத்தான். இருந்தது. அதை அவன் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. மகளுக்கு இருக்கிறதா என்பதுதான் அவனைத் தின்றது. மகளுக்கு இருந்து, அவள் கட்டப் போகிற அத்தை மகனுக்கும் இருந்தால், அவர்களுக்குப் பிறப்பதற்கு என்ன மிஞ்சும் என்று என்னிடம் கேட்டான். சில பிள்ளைகள் வயிற்றிலேயே தங்காதாம். அவன் கலஹாவுக்குப் போய், பரிசத்துக்கு முன்னால் இரண்டு பிள்ளைகளுக்கும் ஸ்கேன் எடுக்க வேண்டும் என்று தங்கையிடம் சொல்லியிருக்கிறான். அவள் முடியாது என்று விரட்டிவிட்டாள். அவன் வந்து என்னைக் கும்பிட்டான். எனக்கும் தங்கைக்கும் தாய்மாமன் நீங்கள், தட்டு மாற்றுவது உங்கள் கையால்தான், தட்டைத் தொடாதீர்கள், மாமா என்றான்.

பரிசத்தன்று வீட்டு முன்திண்ணையான இஸ்தோப்பில் பாய் விரித்து இரண்டு பக்கத்தாரும் உட்கார்ந்திருந்தார்கள். வெற்றிலை, தேங்காய், சேலை எல்லாம் வைத்த தட்டை என் முன்னால் வைத்தார்கள். நான் கையை மடியில் வைத்துக்கொண்டேன். இரண்டு பிள்ளைகளின் ஸ்கேனும் வரட்டும், பிறகு தொடுகிறேன் என்றேன். ஜெயராணி எழுந்து நின்றாள்.

"என்னா மாமா இது? தொட்டில்ல சொன்ன வாய்தானே இது?"

"சொன்ன வாய்தான். அதனாலதான் பயமா இருக்கு, தாயி."

அவள் அண்ணன் பக்கம் திரும்பினாள். "இவரு பொணத்தோட குந்திக் குந்தி, உசுரோட இருக்கிறவங்களையும் அறுத்துப் பாக்கணும்னு நிக்கிறாரு. எம் மகனுக்கு என்னா கேடு? மூணு பேரு தூக்குற மூட்டைய ஒத்தையில தூக்குறான்."

மோகனராஜ் தலை நிமிரவில்லை. ரமேஸ்தான் பேசினான். அம்மா, ஒரு படம் எடுத்தால் என்ன குறைந்துவிடும் என்றான். ஜெயராணி அப்படியே பாயில் உட்கார்ந்து சேலைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள். அப்போதுதான் சொன்னாள். அவளுக்கு மூன்று வருடமாகச் சிறுநீர் ரத்தமாகப் போகிறதாம். கொழுந்துக்குப் போகும்போது விலா வலி தெரியாமல் இருக்க இடுப்பில் பழைய சேலையைக் கிழித்து இறுக்கிக் கட்டிக்கொண்டு போகிறாளாம். அப்பாவுக்கு வந்தது தனக்கும் வந்துவிட்டது என்று தெரியும். மகனுக்குப் பெண் கிடைக்காமல் போய்விடும் என்றுதான் மறைத்தாள். தட்டு அப்படியே இருந்தது. வெற்றிலை வாடியது.

இரண்டு பிள்ளைகளும் கண்டிக்குப் போய் ஒரே நாளில் ஸ்கேன் எடுத்தார்கள். கிருஷாந்திக்கு இல்லை. பெரிய மெஷினில் போட்டு இன்னொரு படமும் எடுத்தார்கள், அதிலும் இல்லை. இரண்டும் சுத்தமாக, கைப்பிடி அளவில், இருக்க வேண்டிய இடத்தில் இருந்தன. ரமேஸுக்கு இருந்தது. சின்னச் சின்னதாக, இரண்டு பக்கமும்.

ரமேஸ் கிருஷாந்தியிடம் வந்து, நீ வேறு இடம் பார் என்று சொன்னான். அவள் மாட்டேன் என்றுவிட்டாள். வருகிற பிள்ளைக்கும் பாதிக்குப் பாதி என்று தெரிந்துதான் சொல்கிறாயா என்று அப்பன் கேட்டதற்கு, பாதி இல்லாமலும் பிறக்கலாம்தானே அப்பா, நான் அப்படித்தானே பிறந்தேன் என்றாள். அடுத்த வருடம் நான் தட்டைத் தொட்டேன். கலியாணம் நடந்தது.

மோகனராஜ் மாத்திரை போட்டுக்கொண்டு, உப்பைக் குறைத்துக்கொண்டு, வேலைக்குப் போய் வந்தான். மூன்று வருடம்தான் தாங்கியது. பெட்ரோல் இல்லாமல் நாடே வரிசையில் நின்ற அந்த வருடத்தில் அவனுக்கு இரத்தம் கழுவ வேண்டி வந்தது. வாரத்துக்கு இரண்டு தரம் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். பஸ் ஓடாத நாட்களில் பிரேமிளாவும் நானும் கைத்தாங்கலாக மலையிலிருந்து நடத்திக் கொண்டுபோனோம். ஒரு நாளைக்கு அரைப் போத்தல் தண்ணீர்தான் குடிக்கலாம். தாகத்தில் அவன் பீலியடியில் நின்று முகத்தை மட்டும் நனைத்துக்கொள்வான். ஊசி குத்திய கை முடிச்சு முடிச்சாக இருந்தது. அந்த மெஷினைப் பார்த்து, இது நாலு மணித்தியாலம் படாதபாடு படுகிறது, மாமா, சிறுநீரகம் சத்தமில்லாமல் செய்த வேலையில் பத்தில் ஒரு பங்குதான் இது செய்கிறது என்றான்.

அப்போதுதான் கிருஷாந்தி கலஹாவிலிருந்து வந்து, தன்னுடையதில் ஒன்றை அப்பாவுக்குக் கொடுக்கிறேன் என்றாள். அவளே டாக்டரைக் கேட்டுவிட்டு வந்திருந்தாள். ரத்த வகையும் ஒன்றுதான். ஒன்றை எடுத்தாலும் மற்றது பெருத்து இரண்டின் வேலையையும் செய்யும், எனக்கு ஒன்றும் ஆகாது என்றாள். ரமேஸும் கூடவே வந்து வாசலில் நின்றான். அவனும் சம்மதித்துத்தான் கூட்டி வந்திருந்தான். நான் அந்தக் காம்பராவுக்குள் இருந்தேன். மோகனராஜ் கட்டிலில் படுத்தபடியே மகளைப் பார்த்தான். முகம் வீங்கிக் கண் சின்னதாகிவிட்டிருந்தது.

"உங்கிட்ட ரெண்டுதான் இருக்கு, பிள்ள."

"தெரியும் அப்பா. ஒண்ணு போதும்னு நீங்கதான் சொல்லிக் குடுத்தீங்க."

"ஒண்ணு உனக்குப் போதும். மத்தது வாசல்ல நிக்கிறவனுக்கு. இன்னும் பத்து, பதினஞ்சு வருஷத்துல அவன் இந்தக் கட்டில்ல கெடப்பான். அப்ப நீ எங்க போய்க் கேட்ப? எங்க வழியில யார்கிட்ட கேட்டாலும் கெட்டதுதான் கெடைக்கும்."

"அது அப்ப பாத்துக்கலாம். இப்ப நீங்க இருக்கணும்."

"செத்தவங்க கிட்னியெல்லாம் இருபத்தேழு வருஷம் தூக்கினவன் நான். உன்னோடத என்னால தூக்க ஏலாது."

அவள் என்னைப் பார்த்து, தாத்தா, நீங்க சொல்லுங்க, நீங்க சொன்னா கேப்பாரு என்றாள். நான் சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை என்று இன்றைக்கு வரைக்கும் எனக்கே சரியாகத் தெரியாது. தொட்டிலடியில் ஒரு வார்த்தை சொல்லி அவளை அப்பனுடைய இந்தக் கட்டிலுக்கும் புருஷனுக்கு வரப்போகிற அந்தக் கட்டிலுக்கும் நடுவில் நிறுத்தியவன் நான். இன்னொரு வார்த்தை சொல்லப் பயமாக இருந்தது. வாசலில் நின்ற ரமேஸ் உள்ளே நடந்ததை எல்லாம் கேட்டுக்கொண்டுதான் நின்றான். கொஞ்ச நேரம் கழித்து நான் வெளியே பார்த்தபோது அவன் பீலியடியில் ஒரு வாளியை நிரப்புவதும் ஊற்றுவதுமாக இருந்தான்.

பத்து மாதம் அப்படிப் போனது. ஆஸ்பத்திரிக்கு நாலைந்து தரம் மகள் காகிதங்களோடு போய், அப்பா கையெழுத்துப் போட மறுத்ததால் திரும்பினாள். கடைசி நாளில் நுரையீரலுக்குள் தண்ணீர் தேங்கி, காலை ஒன்பது மணிக்கு, மெஷினுக்குக் கொண்டு போகிற வழியில் செத்தான். ஐம்பது வயது நிறைந்து நாலு மாதம்.

அவன் தன் உடம்பை அந்த மண்டபத்துக்கே எழுதிக் கொடுத்திருந்தான். லயத்தில் பெரிய சண்டை. தப்படித்துத் தூக்கிக்கொண்டு போக உடம்பு இல்லாமல் என்ன சாவு இது என்று கேட்டார்கள். ஜெயராணி அப்போதே வாரம் இரண்டு தரம் இரத்தம் கழுவப் போய்க்கொண்டிருந்தவள். அவள் மட்டும், எங்க அண்ணன் சொன்னத செய்ங்க என்று ஒரு தரம் சொல்லிவிட்டுச் சுவரில் சாய்ந்துகொண்டாள். வண்டி வந்தது. கோடித் துணியை மண்டபத்து வாசலில் வைத்து அவன்மேல் போட்டேன். அந்த டாக்டர் அம்மா வெளியே வந்து கைகூப்பி நின்றார். பிள்ளைகள் இதைப் பார்த்துப் படிப்பார்கள் என்று சிங்களத்தில் சொன்னார். எனக்கு அந்த நேரத்தில் திராட்சைக் குலைதான் கண்ணுக்குள் வந்தது. திரும்பி வந்து எல்லோரும் பீலியில் குளித்தோம்.

போன வருடம் கிருஷாந்திக்கு ஆண் பிள்ளை பிறந்தது. ரமேஸுக்குப் பிரஷர் மாத்திரை தொடங்கிவிட்டார்கள். மூட்டை தூக்குகிற வேலையை விட்டுக் கலஹா டவுனில் ஒரு கடையில் நிற்கிறான். பிள்ளைக்கு இருக்கிறதா இல்லையா என்று இப்போது பார்க்க வேண்டாம், வளர்ந்த பிறகு அவனே விரும்பினால் பார்க்கட்டும் என்று டாக்டர்கள் சொல்லியிருக்கிறார்கள். கிருஷாந்தி பிள்ளையைக் குளிப்பாட்டும்போதெல்லாம் விலா இரண்டையும் தடவிப் பார்க்கிறாள். கையில் அகப்படாது என்று அவளுக்குத் தெரியும். அப்பன் சொல்லிக் கொடுத்திருக்கிறான்.

அந்தப் பிள்ளைக்கு முப்பதாம் நாள் பேர் வைக்க என்னையும் கூட்டிக்கொண்டு போனார்கள். சொந்தக்காரர் ஒருவர் கைக்குழந்தையான தன் பெண்பிள்ளையோடு வந்திருந்தார். முறையும் சரியாக இருந்தது. தொட்டிலுக்கு முன்னால் இடம் விட்டு எல்லோரும் என் முகத்தைப் பார்த்தார்கள். குலவை போடப் பெண்கள் தயாராக நின்றார்கள். ஜெயராணி, கை முழுக்க ஊசித் தழும்போடு, மூலையில் இருந்த கதிரையிலிருந்து கூப்பிட்டாள்.

"சொல்லுங்க மாமா. வழக்கந்தானே."

நான் பிள்ளையின் காதில் அதன் பேரை மட்டும் மூன்று தரம் சொல்லிவிட்டு, எழுந்து வெளியே வந்துவிட்டேன்.